விளையாட்டு வாடகை

பணம் அனுப்பும்போது ‘எதற்காக’ என்று வங்கி கேட்கிற கட்டத்தில் விளையாட்டுக்குக்கூட எதையாவது எழுதித் தொலைக்கக் கூடாது. தையற்காரி எழுதினாள். ஒன்பது வருஷம், மாதம் தவறாமல்.

லிஃப்ட் மெக்கானிக்கோடு அவள் வாழ வந்தபோது கல்யாணமும் இல்லை, காகிதமும் இல்லை. வீடு அவன் பேரில், வீட்டுக் கடனும் அவன் பேரில். தவணையில் பாதி அவள் கொடுத்தாள். முதல் மாதமே அவன் சீண்டினான்: “வாடகை ஒழுங்கா வந்துடணும். இல்லன்னா தையல் மிஷினைத் தூக்கித் தெருவுல வெச்சிடுவேன்.” விழுந்து விழுந்து சிரித்தவள், பணம் அனுப்பும்போது ‘வாடகை’ என்றே அடித்தாள். “உன்னை மாதிரி குடித்தனக்காரி கெடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும்” என்றான் அவன். அதன் பிறகு மாதாமாதம் இதே கூத்து. சமையலறையை இடித்துக் கட்டத் தன் சேமிப்பை வழித்துக் கொடுத்தபோதும் ‘அட்வான்ஸ்’ என்று எழுதினாள். துணியில் கால் அங்குலம் பிசக மாட்டாள், சந்தோஷத்தில் பிசகிவிட்டாள்.

ஈரல் கெட்டு, இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து அவன் செத்துப் போனான். மூன்றாவது வாரம் அவனுடைய அக்கா வக்கீலோடு வந்து அதே சமையலறையில் உட்கார்ந்தாள். வங்கித் தாள்களை மேஜையில் பரப்பினார் வக்கீல். வரிக்கு வரி மஞ்சள் கோடு.

“இதெல்லாம் நீங்க அனுப்பினதுதானேம்மா?”

“ஆமா சார். ஆனா அது வீட்டுக் கடனுக்கு. வாடகைன்னு சும்மா கேலிக்கு…”

“நூறு மாசத்துக்கு மேலயா கேலி?”

தையற்காரி அக்காவிடம் திரும்பினாள். “நீங்களாவது சொல்லுங்கக்கா! உங்க முன்னாடி எத்தனை தடவை ‘வாடகை வந்துச்சா’ன்னு கேட்டிருப்பார்!”

“கேட்டிருக்கான். கோர்ட்டுல கூப்பிட்டாலும் அதைத்தான் சொல்வேன்.” ஒன்பது வருஷமாக ‘ஏண்டி’ என்று வாய் நிறையக் கூப்பிட்டவள் இவள். “நீங்க ஒரு மாசத்துல காலி பண்ணிடுங்க. அப்புறம், கடைசி ரெண்டு மாச வாடகை வரலையே?”

அந்த இரண்டு மாதமும் தையற்காரி முன்னறையில் வைத்திருந்த தையல் கடையை மூடிவிட்டு அவனுக்குப் பீ மூத்திரம் அள்ளினாள். கையிலிருந்த காசெல்லாம் மருந்துக்குப் போனது. எட்டிக்கூடப் பார்க்காதவளிடம் அதைச் சொல்லி அழுதாள்.

வக்கீலுக்குக் கொஞ்சம் சங்கடம். “பாக்கி வெச்சா அந்த ஒரு மாசமும் கெடையாதும்மா. நாளைக்கே கெளம்பச் சொல்லலாம்.”

முன்னறை நிறைய வெட்டிவைத்த துணி, போக்கிடமும் இல்லை. காதுத் தோடு அடகு வைத்த பணம் கணக்கில் கொஞ்சம் இருந்தது. கைபேசியை எடுத்தாள்.

“எதுக்குன்னு எழுதிடுங்க,” என்றார் வக்கீல்.

அவள் எழுதினாள். அக்காவின் கைபேசி சிணுங்கியது. வக்கீல் பார்த்துக் குறித்துக்கொண்டார். அக்கா எழுந்து, புது அடுப்பு மேடையை விரலால் தடவிப் பார்த்தாள்.

“என் தம்பி சொல்லுவான்ல, உங்களை மாதிரி குடித்தனக்காரி கெடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும்.”