வாய்க்காலைச் சுத்தம் செய்தவர்கள்

"அந்த ஊரை நிப்பாட்டுங்க சார். ஜூன் குரூப் அங்க போகக்கூடாது."

வடையைக் கடித்த முதலாளி ரெங்கசாமியின் வாய் கடித்தபடியே நின்றது.

வேலைக்குச் சேர்ந்த அன்றே, அங்கே பல வருஷமாக வேலை பார்க்கும் அமலா அக்கா சொல்லி வைத்திருந்தாள்: "லீவு கேளு. சம்பளம் கூட்டிக் கேளு. மூட் நல்லா இருந்தா அவரு நாற்காலியையே கேளு. விளம்பரம் போட்ட ஊரை மட்டும் எடுக்கச் சொல்லிடாதே. அப்புறம் உனக்கு நாற்காலி இருக்காது." தாரணி அதையேதான் கேட்டாள். அதுவும் நின்றுகொண்டே.

சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில், மளிகைக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்தச் சுற்றுலா அலுவலகம். அறைக்கு வெளியே ஹாலில் ஜூன் குரூப் கூடியிருந்தது. பயணத்துக்கு முந்தைய விளக்கக் கூட்டம். எல்லாச் சத்தத்துக்கும் மேலே விசாலாட்சி டீச்சரின் குரல். போன தடவை போய்வந்த பெருமையில் தோழிகளையெல்லாம் திரட்டிக்கொண்டு வந்திருந்தார். கையுறைகளும் குப்பை பொறுக்கும் இடுக்கிகளும் பை நிறையக் கொண்டுவந்து ஆளுக்கொன்றாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஏப்ரலில் டீச்சர் போன அந்த முதல் குழுவைத் தாரணிதான் கூட்டிப்போனாள். கொடைக்கானலுக்கும் மேலே, பஸ் திரும்பிப் போய்விடும் இடத்திலிருந்து நடந்து ஏறவேண்டிய ஊர். மலைச்சரிவை வெட்டிக் கல் அடுக்கி, படிப்படியாகப் பேரிக்காய்த் தோட்டம். பிஞ்சுகள் திரண்டுகொண்டிருந்தன. ஒன்றையொன்று ஒட்டிய வீடுகளுக்குப் பின்னால், மேலே ஊற்றிலிருந்து ஒரு வாய்க்கால் எல்லாத் தோட்டங்களையும் தொட்டுக்கொண்டு இறங்கியது. அதில் அங்கங்கே கல், புல்கட்டு, சுருட்டி அடைத்த பழைய சேலைத்துணி.

டீச்சருக்குப் பொறுக்கவில்லை. "ஐயோ, எவ்ளோ குப்பைலா! நம்ம வந்ததுக்கு அடையாளமா சுத்தம் பண்ணிக் கொடுத்துட்டுப் போவோம்." வயதானவர்கள் முட்டிவலியை மறந்து இறங்கினார்கள். பை பையாக அள்ளினார்கள். தண்ணீர் சலசலவென்று ஓடியபோது கைதட்டினார்கள். தாரணி படம் பிடித்தாள். பல்கலைக்கழகத்தில் புவியியல் படித்தவள், மலைச்சரிவு விவசாயம் பற்றிக் கட்டுரை எழுதிப் பாராட்டு வாங்கியவள், அவள் கண்ணுக்கும் துணி துணியாகத்தான் தெரிந்தது.

அவர்கள் அள்ளியது மடைகளை. எந்தத் தோட்டத்து வாயில் எது அடைத்திருக்கிறது என்பதுதான் அன்றைக்குத் தண்ணீர் யாருடைய முறை என்பதற்குக் கணக்கு. விடிவதற்குள் மொத்தத் தண்ணீரும் கீழே பாய்ந்து, கடைசித் தோட்டத்தின் கல்சுவர் சரிந்து கிடந்தது. மேல்தோட்டங்களுக்குப் பிஞ்சு திரளும் நேரத்தில் முறை தவறிப்போனது. நடந்தது தெரியும் முன்பே, நீதான் திறந்துவிட்டாய் என்று அண்ணன் வீடும் தம்பி வீடும் தெருவில் நின்று ஏசிக்கொண்டன. மேல்தோட்டத்து இரஞ்சிதம் தாரணியிடம் வந்து ஒன்றே ஒன்று சொன்னாள். "கோவமில்லம்மா. ஆனா இனிமே யாரையும் கூட்டிட்டு வந்துராத." சரியென்று தாரணி வாக்குக் கொடுத்துவிட்டு, இன்னும் தூங்கி எழாத டீச்சர் குழுவிடம் எதையும் சொல்லாமல் அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

இங்கே வந்து பார்த்தால் அவள் எடுத்த வீடியோ ஃபேஸ்புக்கில் பிய்த்துக்கொண்டு போயிருந்தது. ரெங்கசாமி அதையே விளம்பரமாக்கி, 'சேவைச் சுற்றுலா' என்று பெயரும் வைத்துவிட்டார்.

"வீடியோ எடுத்தது யாரு? நீதானே?" என்றார் இப்போது, வாயைத் துடைத்துக்கொண்டு.

"ஆமா, நான்தான். அதான் கேக்கறேன்."

"தெரியாம நடந்தது. இந்த வாட்டி வாய்க்கால்கிட்ட போகாதீங்கன்னு சொல்லிடு. முடிஞ்சுச்சு."

"அவங்க வரவே வேணாம்னு சொல்றாங்க சார்."

"ஒரு பொம்பள சொன்னா ஊரே சொன்ன மாதிரியா? பாரும்மா, இந்தப் பெரியவங்க சேவை செய்யணும்னு ஆசையா வந்திருக்காங்க. கெட்ட எண்ணமா?"

"எங்கம்மா ஹாக்கர் சென்டர் சாப்பாட்டுக் கடைகள்ல தட்டெடுக்கறாங்க. காலித் தட்டா இருந்தாலும் 'ஃபினிஷ் ஆ?'ன்னு கேக்காம தொட மாட்டாங்க. நாம கேட்டமா? நல்ல எண்ணம் இருந்தா கேக்க வாய் இருக்காதா?"

அவர் முகம் சிவந்தது. ஆனாலும் வியாபாரி. குரலை இறக்கினார். "உங்கப்பாவும் எங்கண்ணனும் செம்பவாங்ல ஒரே கப்பல் யார்டு. அந்த முகத்துக்காகத்தான் உன்னைச் சேர்த்தேன். உங்க வீட்ல முதல் டிகிரி நீ. அடுத்த மாசம் உன்னை நிரந்தரமாக்கறேன். கெடுத்துக்காதே. வாய்க்கால் வேணாம்னா ஊருக்குள்ள குப்பை பொறுக்கட்டும்."

"அங்க குப்பையே இல்ல சார். அவங்க எதையும் தூக்கிப் போடறதில்ல."

ரெங்கசாமி ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு, இதற்குப் போய் இவ்வளவு பேச்சா என்பதுபோல் சிரித்தார்.

"அவ்ளோதானே? டிரைவர்கிட்ட சொல்லி முந்தின நாளே நாலு பாட்டில், பிளாஸ்டிக் பையெல்லாம் போட்டு வைக்கச் சொல்லலாம்லா. இவங்க எடுக்கட்டும். இவங்களுக்கும் சந்தோஷம், ஊரும் சுத்தம்."

தாரணிக்குச் சிரிப்புதான் வந்தது. கெஞ்சிப் பார்க்கலாம், ஒரு வாரம் டைம் கேட்கலாம் என்று பஸ்ஸில் வரும்போது யோசித்து வைத்திருந்ததெல்லாம் அந்தச் சிரிப்போடு கழன்று விழுந்தது. இந்த ஆளிடம் கேட்பதற்கு இனி ஒன்றுமில்லை. கேட்க வேண்டியவர்கள் ஹாலில் இருந்தார்கள்.

கழுத்திலிருந்த அலுவலக அட்டையைக் கழற்றி வடைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இது எதுக்கு? எங்க போற?"

"நடந்ததை அவங்ககிட்ட சொல்லப்போறேன். சுவர் விழுந்ததை, சண்டையை, இப்ப நீங்க சொன்ன பாட்டிலை. எல்லாத்தையும்."

"உங்கப்பாவுக்கு இப்பவே போன் போடறேன்!"

"போடுங்க. திட்டுவாரு. சாயங்காலம் வீட்டுக்குப் போய் வாங்கிக்கறேன்."

அவர் எழுந்து மேசையைச் சுற்றி வருவதற்குள் அவள் கதவைத் திறந்துவிட்டாள். ஹாலில் எல்லாத் தலைகளும் திரும்பின. விசாலாட்சி டீச்சர் கையுறை மாட்டிய கையை உயர்த்தி, "வாம்மா! இந்தத் தடவை எந்தப் பக்கத்திலேர்ந்து ஆரம்பிக்கிறோம்?" என்று உற்சாகமாகக் கேட்டார்.

உள்ளே இருப்பவருக்கும் கேட்கட்டும் என்று கதவைச் சாத்தாமலே தாரணி அவர்களை நோக்கி நடந்தாள்.