ஐஸ் பாங்க் கடலுக்கடியில் போன விவரம்

துரைராஜ் வேலை பார்த்த வங்கி உள்பக்கமாக மட்டுமே வளர்ந்தது. பாண்டி பஜாருக்குப் பின்னாலிருக்கும் சந்தில், ஒரு பக்கம் பாத்திரக்கடையும் மறுபக்கம் செருப்புக்கடையும் நெருக்க, நடுவில் நின்ற அந்த இரண்டு மாடிக் கட்டடம் திறப்புவிழா அன்று எந்த அகலத்தில் இருந்ததோ அதே அகலத்தில்தான் இன்றும் நிற்கிறது. மாநகராட்சியிலிருந்து வந்து டேப் வைத்து அளந்தார்கள். வரியை ஏற்ற வழி தெரியாமல் மோர் குடித்துவிட்டுப் போனார்கள். ஆனால் காலையில் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகும் துரைராஜ் தன் நாற்காலிக்குப் போய்ச் சேர, கல்யாணமான வருஷம் மத்தியானம் ஆயிற்று. குழந்தை பிறந்த வருஷம் மறுநாள் ஆயிற்று.

வங்கியின் தாய் நிறுவனம், வருஷத்தில் பாதி நாள் பனி கொட்டும் ஒரு தேசத்தில் இருந்தது. அதன் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. கதவு திறக்கும்போதெல்லாம் சந்து முழுக்கக் குளிர் பரவியதால் தெருக்காரர்கள் ஐஸ் பாங்க் என்றார்கள், அதுவே நிலைத்தது. ஆரம்பத்தில் ஒரு கூடம், நாலைந்து மேசை, ஜன்னலோரம் ஒரு தண்ணீர் கேன். இந்தியாவில் தனி நிறுவனமாகப் பதிவான பிறகு, காலாண்டு முடிந்தால் தலைமையகத்திலிருந்து மின்னஞ்சல் வரும்: நமது இந்திய நிறுவனம் இம்முறையும் வளர்ந்திருக்கிறது. அதைப் படித்ததும் எல்லாரும் எழுந்து கைதட்டுவார்கள். தட்டி முடிக்கும்போது பின்சுவர் கொஞ்சம் தள்ளிப் போயிருக்கும். முதல் தடவை கண்ணைக் கசக்கிப் பார்த்தார்கள். அடுத்த தடவை புதிதாய்க் கிடைத்த இடத்தில் வீட்டுக்கடன் பிரிவை வைத்தார்கள். அதற்குப் பின்னால் வாகனக்கடன், அதற்கும் பின்னால் பல தேசத்துக் கிளைகளின் வேலையை இங்கிருந்தே செய்து கொடுக்கும் பிரிவுகள். லண்டனுக்கு வேலை செய்கிறவர்கள் உட்கார்ந்த பகுதியில் எந்நேரமும் சாயங்காலமாக இருந்தது. ஊழியர்களுக்குச் சம்பளத்தோடு நடைப்படி என்று ஒன்று சேர்ந்தது. தாய் நிறுவனமோ தன் ஊரில் கிளைகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வந்து, கடைசியில் ஒரு மாதா கோயிலுக்கு எதிரே ஒற்றை அறையில் ஒடுங்கியது. அங்கே மிஞ்சியிருந்த வயசான அம்மாள், மின்னஞ்சலை மட்டும் தவறாமல் அனுப்பினாள்.

துரைராஜ் ராயப்பேட்டைக்காரன். மேசை நாற்காலி போட்டு ஒயர் இழுக்கும் வேலைக்குச் சேர்ந்து, அந்தப் பிரிவுக்கே தலைவனாகியிருந்தான். சுவர் விலகிய தரையில் முதல் காலடி அவனுடையது. அவன் விளக்கைப் போட்ட பிறகுதான் அந்த இடம் வங்கி ஆகும். அது அவனுக்கு ஒரு போதையாகவே ஆகிவிட்டிருந்தது. இன்னும் யாரும் மிதிக்காத மொசைக் தரை முன்னால் கிடக்கும்போது வீடு, சோறு, தூக்கம் எதுவும் ஞாபகத்தில் இருக்காது. வாரத்துக்கு ஒரு தடவை வீட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்தவன் மாசத்துக்கு ஒரு தடவை என்றானான். வந்தாலும் உட்கார மாட்டான். தட்டைக் கையில் ஏந்தி நடந்துகொண்டே தின்பான். படுத்தால் தூக்கத்திலும் கால்கள் நடக்கும். கூடத்தில் விரித்த பாய் விடியும்போது அவனோடு சமையல்கட்டு வாசலில் கிடக்கும். அவன் மனைவி ரத்னா கடலோர ஊரூர் குப்பத்திலிருந்து வந்தவள், ஜன்னலோரம் மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறவள். புருஷனையும் பாயையும் பழைய இடத்துக்கு இழுத்துப் போட்டுவிட்டு மிஷினில் உட்காருவாள். இதைப் பற்றி அவள் யாரிடமும் குறை சொன்னதில்லை. கடலுக்குப் போய் நாள் கணக்கில் திரும்பாதவர்களைப் பார்த்து வளர்ந்தவள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை துரைராஜ் படியேறி வந்தபோது, அவர்கள் மகள் தமிழ்நிலா கதவைப் பாதி திறந்து பார்த்துவிட்டு உள்ளே திரும்பிக் கத்தினாள். "யம்மா, பாங்க் மாமா வந்துகீறாரு!"

ரத்னாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. துரைராஜ் ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்தான். குழந்தைக்கு வாங்கி வந்த பொம்மையை அலமாரியில் வைத்தான். சுவர் நகரும் நேரம் என்று சொல்லி அன்றைக்கே கிளம்பிவிட்டான். மறுநாள் காலை ரத்னா மிஷினை மூடி, புளிசாதம் கட்டி, குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு தி. நகருக்கு பஸ் ஏறினாள்.

வாசலில் காவலுக்கிருந்த பீர் முஹம்மது அவளை நிறுத்தினார். "அவரு கடைசி செவுத்தாண்ட போய்க்கினு கீறாரும்மா. நடந்து மாளாது. போன் போட்டுக் கூப்டுறேன், நீ ஊட்டுக்குப் போ."

"போன்ல எல்லாம் வராது பாய். கையப் புடிச்சித்தான் இட்டுக்கினு வரணும்."

அவர் குழந்தையைப் பார்த்தார். பிறகு தன் ஸ்வெட்டரைக் கழற்றி அதன் மேல் சுற்றிவிட்டுக் கதவைத் திறந்தார்.

ரத்னா நடந்தாள். வீட்டுக்கடன் பிரிவில் யாரோ டீ கொடுத்தார்கள். வாகனக்கடனைத் தாண்டியதும் புறாக்கள் இருந்தன. இரண்டு பிரிவுகளுக்கு நடுவே ஒரு பிள்ளையார் கோயில் கட்டி, கும்பாபிஷேகமும் முடித்திருந்தார்கள். சாயங்காலப் பகுதியில் குழந்தை பயந்தது. அங்கே வேலை செய்த பெண்கள் அதைத் தங்கள் சுழல்நாற்காலியில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டே அடுத்த பிரிவு வரை கூட வந்தார்கள். யாரைக் கேட்டாலும் துரைராஜைத் தெரிந்திருந்தது. இப்போதுதான் போனார் என்றார்கள். எல்லாரும் நடந்துகொண்டே பேசினார்கள்; அவளைத் தவிர யாருக்கும் கால் வலித்ததாகத் தெரியவில்லை. எத்தனை தடவை தூங்கி எழுந்தாள் என்பது அவளுக்கே நினைவில்லை. கடைசியில் மேசைகள் தீர்ந்து, வெறும் தரை வந்து, அந்தக் கோடியில் ஒரு வெள்ளைச் சுவரும், அதன் முன்னால் இடுப்பில் கைவைத்து நிற்கும் தன் புருஷனும் தெரிந்தார்கள்.

"நீ எப்டிமே இங்க?" என்றான் துரைராஜ்.

"நடந்துதான். புள்ள உன்ன மாமான்னுதே, காதுல வுழுந்துச்சா இல்லியா?"

"வுழுந்துச்சி."

"அப்புறம் இன்னாத்துக்கு ஓடியாந்துட்ட?"

இன்னும் ஒரே ஒரு தடவை சுவர் நகர்ந்ததும் லீவு போட்டு வருவதாகச் சொன்னான். சொல்லும்போதே, இதை வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டிருப்பது அவனுக்கே உறைத்திருக்க வேண்டும், தலையைக் குனிந்துகொண்டான். ரத்னா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து காலை நீட்டினாள். அப்போதுதான் அவளுக்குக் கருவாட்டு வாசனை வந்தது. காதை வைத்துக் கேட்டால் மறுபக்கம் போட் இன்ஜின் சத்தம்.

அவள் வாயைத் திறப்பதற்குள் மின்னஞ்சல் வந்துவிட்டது. பிரிவு பிரிவாகக் கைதட்டல் கிளம்பி, தூரத்து மழைபோல நெருங்கி வந்தது. சுவர் ஒரு முழம் நகர்ந்து, எதன் மீதோ முட்டி நின்றது. முட்டிய இடத்தில் நீலப் பெயின்ட் அடித்த ஒரு மரக்கதவு இருந்தது. யாரோ மறுபக்கமிருந்து துடுப்பால் இடித்தார்கள். கதவு திறந்து, ரத்னாவின் அப்பா அம்மாசி, கைலியை மடித்துக் கட்டியபடி எட்டிப் பார்த்தார்.

"யாருடா அது, என் ஊட்டுச் செவுத்துல கதவு வெச்சது?"

"நைனா!" என்றாள் ரத்னா.

இப்படித்தான் தி. நகர் வங்கியின் பின்வாசல் ஊரூர் குப்பத்தில், அம்மாசி வீட்டுச் சமையல்கட்டில் திறந்தது. அன்று மத்தியானம் குப்பமே வந்து கதவைப் பார்த்தது. இனி வீடுகள் போய்விடும், தங்களையும் லாரியில் ஏற்றி ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள் என்று பெண்கள் அழுதார்கள். ஆற்றங்கரையில் குடியிருந்த தங்கள் சொந்தக்காரர்களுக்கு அப்படி நடந்ததை அவர்கள் பார்த்திருந்தார்கள். சில நாள் கழித்து, நடந்து நடந்து களைத்த முகத்தோடு ஷ்ரேயா என்ற மேலதிகாரி வந்து சேர்ந்தாள். மரியாதையாகத்தான் பேசினாள்.

"அங்கிள், இதை நாங்க ஒரு பிராஞ்சா மாத்திக்கிறோம். நீங்க எங்கேயும் போக வேண்டாம். வெளில போர்டு மட்டும் வெச்சா போதும்."

"போர்டு கீர்டுலாம் வாணாம்மா. இன்னிக்கி போர்டும்பீங்க, நாளிக்கி ஊடே உங்களுதும்பீங்க. கதவு தொறந்து கீது, வந்து போய்க்கினு இருங்க. டீ வோணும்னா சொல்லு."

ஷ்ரேயா எவ்வளவோ பேசிப் பார்த்தாள். அவர் பின்னால் குப்பத்துக்காரர்கள் அத்தனை பேரும் நின்றார்கள். கடைசியில் அவள் டீயைக் குடித்துவிட்டு, போர்டு வேண்டாம், சுவர் அடுத்த தடவை குப்பத்து வீடுகளுக்குக் கீழாக நகரட்டும் என்று தலைமையகத்துக்கு எழுதிப் போட்டாள். அடுத்த நாளிலிருந்து குப்பத்துப் பெண்கள் மீன் கூடைகளை அந்தக் கதவருகே கொண்டுவந்து வைத்தார்கள். உள்ளேயிருந்து வந்த குளிரில் மத்தி மீன் சாயங்காலம் வரை கண் மங்காமல் இருந்தது.

துரைராஜ் குடும்பத்தோடு அம்மாசி வீட்டிலேயே தங்கினான். இப்போது அவன் வேலைக்குப் போவதென்றால் வாசற்படியைத் தாண்டினால் போதும். எல்லாம் சரியாகிவிட்டது என்று அம்மாசி சொன்னார். ஆனால் சுவர் மறுபடியும் நகரும் என்று ரத்னாவுக்குத் தெரியும்.

மழைக்காலத்துக்கு முன்பு ஒரு மத்தியானம் அது நடந்தது. துரைராஜ் கதவு நிலையில் உட்கார்ந்திருந்தான், ஒரு கால் சமையல்கட்டில், ஒரு கால் வங்கியில். மடியில் தமிழ்நிலா தூங்கிக்கொண்டிருந்தாள். கைதட்டல் வந்தது. வெள்ளைச் சுவர் சரிந்து, கீழே கீழே விலகி, மணலுக்கு அடியில் கடலை நோக்கிப் போக, புதுத் தரை ஈரமாய்ப் பளபளத்தது. அவன் ஆட்கள் அவனைப் பார்த்து நின்றார்கள். அவனுடைய கால் கிடுகிடுவென்று ஆடியது. எழுந்தால் குழந்தை விழித்துவிடும். அவ்வளவுதான் காரணம், வேறு பெரிய முடிவு எதையும் அவன் எடுக்கவில்லை. காத்திருந்து பார்த்துவிட்டு, அறிவு என்ற அவனுடைய உதவியாள் முதல் காலடியை வைத்தான். விளக்கு எரிந்தது. மேசைகள் போயின. அவன் இல்லாமலும் வங்கி அதே வேகத்தில், அதே அழகில் வளர்ந்தது. அதை இருட்டும்வரை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த துரைராஜின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்ததை ரத்னா பார்த்தாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஆடிக்கொண்டிருந்த அந்தக் காலின் மேல் தன் கையை வைத்தாள். விழித்த குழந்தை, "நைனா, பசிக்குது" என்றது.

அவன் எழுதிக் கொடுத்த ராஜினாமா, நிர்வாகப் பிரிவுக்கு நடந்து போய்ச் சேர்வதற்குள் மழைக்காலமே முடிந்துவிட்டது. இப்போது அவன் மாமனாரோடு கடலுக்குப் போகிறான். அமைதியாகிவிட்டான் என்று சொல்ல முடியாது. படகிலும் அவன் பாதம் பலகையைத் தட்டிக்கொண்டேதான் இருக்கிறது, அதற்காக அம்மாசி அவனைத் திட்டாத நாளில்லை. வங்கி இப்போது கடலுக்கடியில் வெகுதூரம் போய்விட்டது. விடியற்காலையில் கரையிலிருந்து கொஞ்சம் தள்ளிப் போனால், தண்ணீருக்குக் கீழே வரிசையாக விளக்குகள் தெரியும், சுழல்நாற்காலிகள் தெரியும், கையில் காகிதத்தோடு வேகமாக நடக்கிறவர்கள் தெரிவார்கள். வெளிச்சத்துக்கு மீன் கூடுவதால் குப்பத்துக்காரர்கள் எல்லாரும் அங்கேதான் வலை போடுகிறார்கள். போன வாரம் சங்கரா மீன் நன்றாகப் பட்டது.