கொலாஜ் என்றுதான் சொன்னார்

1
இந்தக் கதை ஓர் எழுத்துப் பிழையில் பிறந்தது. கல்லூரித் தேர்வில், காகிதத் துண்டுகளை ஒட்டிச் செய்யும் ஓவியத்துக்கு, ‘கொலாஜ்’ என்று எழுதவேண்டிய இடத்தில் ‘கலீஜ்’ என்று எழுதிவைத்தேன். மதிப்பெண் போனது; ஆரோக்கியமேரி வந்தாள்.

2
பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுன் ஓவியக்கூடம் ஒன்றில் அவளுக்குத் துப்புரவு வேலை. நீலசந்திராவிலிருந்து வருகிறாள். சேர்ந்து எட்டு நாள். [முதலில் அவளை ஓவியர் ஆக்கியிருந்தேன். மூன்றாவது வரியிலேயே தத்துவம் பேசினாள். வேலையை மாற்றிவிட்டேன்.]

காலையில் முதலாளி சேஷகிரி போனில் சொன்னார்: “மேரி, மூலையில கொலாஜ் இருக்குதே, அதைக் கொஞ்சம் பாத்துக்கோம்மா. பதினோரு மணிக்கு மமதா மேடம் வர்றாங்க.”

அவள் காதில் கலீஜு* என்று விழுந்தது. மூலையில் ஆறடிப் பலகை நிறையக் கிழிந்த வண்ணக் காகிதங்கள், மேலே பெயின்ட் தெறிப்பு. சந்தேகமே இல்லை. ஈரத்துணியால் துடைத்தாள். சிவப்புத் துண்டு ஒன்று கையோடு வந்தது.

“யக்கா! இன்னா பண்ணிட்ட?” காவலாளி ஹரிஷ் ஓடிவந்தான். “அது மமதா மேடம் பண்ண பெயின்டிங்!”

“கலீஜுன்னுதானே சொன்னாரு?”

“கொலாஜுக்கா, கொலாஜு! போன மாசம் ஃபிரேமைத் தொட்டதுக்கே ஒருத்தரை வேலையை விட்டு அனுப்பிட்டாரு.”

“அப்போ கலீஜுக்கு இன்னா சொல்வாரு?”

“‘டஸ்ட்டு’ம்பாரு.”

*அழுக்கு. உருதுக்காரர்கள் கொடுத்தது, பெங்களூரில் தமிழும் கன்னடமும் பங்குபோட்டுத் திட்டிக்கொள்கின்றன.

3
வண்ணங்களின் பெருவெளியில் அவள் மனம் மெல்ல—

(வேண்டாம். அவளுக்கு இருப்பது இருபது நிமிடம்.)

துண்டு எங்கிருந்து வந்தது? எங்கு பார்த்தாலும் ஒரே நிற இரைச்சல். ஆனால் மேரி ஏழு வருடம் கார்மென்ட்ஸில் கட்டிங் பீஸ், வெட்டிய சட்டைத் துண்டுகள், அடுக்கியவள். நிறத்தை விட்டுவிட்டு ஓரங்களைப் பார்த்தாள். பச்சை உள்வாங்கிய இடத்தில் மஞ்சள் புடைத்திருந்தது. அதோ காலர். அதோ முதுகு.

“டேய், இது பிரிச்சுப் போட்ட சட்டைடா. பெருசு ஒண்ணு, அதுக்குள்ள சின்னது ஒண்ணு. சின்னதுக்கு ஒரு கை இல்ல.”

சிவப்புத் துண்டின் வளைவு அந்தச் சின்னச் சட்டையின் தோளுக்குக் கச்சிதம். பசைத் தடம் மட்டும் அங்கே இல்லை. எதிலும் சேராமல், கீழே வலது ஓரத்தில் இருந்தது.

4
தடத்தில் ஒட்டினால் யாருக்கும் தெரியாது; வேலை நிற்கும். தோளில் ஒட்டினால் சட்டை முழுசாகும், மேரி வெளியே. மமதா கைதவறித் தள்ளி ஒட்டினாளா, வேண்டுமென்றே தள்ளிவைத்தாளா, எனக்கும் தெரியாது. [தெரிந்ததுபோல் ஒரு முடிவு எழுதினேன். அதில் மமதா அழுதாள். அடித்துவிட்டேன்.]

வாசலில் ஆட்டோ நிற்கிறது.

“யக்கா, வந்துட்டாங்க! எங்கனா ஒட்டு!”

மேரி துண்டின் பின்னால் பசை தடவிவிட்டாள். சீக்கிரம் காய்கிற ரகம். எங்கே ஒட்டுவது என்று நீங்கள் யோசித்து முடிக்கும்வரை காத்திருக்காது.