பக்கத்துப் பாதையில் ரஜிதா

ரஜிதாவின் புதுக் காரின் சில்லுக்கடியில் தேசிக்காய் நசித்தவனே நான்தான். என்னைப்போல ஒரு மடையனை டென்மார்க் முழுக்கத் தேடினாலும் காணமாட்டீர்கள்.

ரஜிதா மூன்று வருடம் நான் ஓட்டுகிற பஸ்ஸில் வந்தவள். டோஸ்ட்ருப்பில் ஏறி, என் ஆசனத்துக்குப் பக்கத்தில் நின்றபடியே கொப்பன்ஹேகன் வரைக்கும் கதைத்துக்கொண்டு வருவாள். அங்கே ஆஸ்பத்திரியில் வேலை, என்னைப்போலவே தனியாள். நாற்பது வயதுத் தனிக்கட்டைக்கு அந்த முப்பத்தைந்து நிமிடம்தான் ஒரு நாள். ஒருநாள் கேட்டாள்.

"அண்ணை, கார் ஒண்டு எடுக்கட்டோ?"

எடுக்காதேங்கோ என்று நெஞ்சு கத்தியது. வாய், "எடுங்கோ, நல்லது" என்றது. பாழாய்ப்போன வாய்!

புதுக் காரைப் பூசைக்குக் கோயிலடிக்குக் கொண்டுவந்தபோது முதல் ஓட்டத்தையும் என்னிடமே தந்தாள். "உங்கட கை ராசியான கை, அண்ணை." சில்லுக்கு ஒன்றாக வைத்த நாலு தேசிக்காயையும் நசித்து, கார்த் திறப்பை அவளிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

இந்த வசந்தத்தில் மோட்டர்வேயின் ஓரப் பாதையைப் பஸ்ஸுக்கு மட்டும் திறந்துவிட்டார்கள். பக்கத்தில் கார்கள் ஊர, நான் தாண்டிப் போவேன். வரிசை நடுவே அவளுடைய சிவப்புக் கார் நிற்கும். பக்கத்து இருக்கையில் கைப்பை மட்டும். கண்டதும் என் கால் தானாகப் பிரேக்கைத் தேடும்.

"பாதை வெறுமையாக் கிடக்கு, ஏன் தம்பி உருட்டுறாய்?" என்பார் முன் இருக்கைச் சிவபாலன் அண்ணை, என் தினசரிப் பயணி.

"மழை, அண்ணை." வெயில் நாளிலும் அதுதான் பதில்.

வரிசையில் கிடந்து சலித்தவர்கள் காரை விட்டுவிட்டு ஒவ்வொருவராகப் பஸ்ஸுக்கு வந்தார்கள். ஏறுகிற ஒவ்வொரு முகத்தையும் பார்ப்பேன். அவள் வரவில்லை. பஸ் நிறைய நிறைய, கார்ப் பாதை இளகியது. ஒக்டோபரில் அவள் என்னைத் தாண்டிப் பறக்கத் தொடங்கினாள். அந்தப் பழைய நெரிசல் திரும்பி வராதா என்று ஏங்கினேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

நவம்பரில் ஒரு காலை, அவளுக்கு முன்னால் ஒரு கார்கூட இல்லை. எனக்குப் பக்கமாக வந்தவள் தாண்டவில்லை. என் வேகத்துக்கே ஓட்டினாள். பின்னால் வந்தவன் விளக்கை அடித்து அடித்துப் பார்த்தான், அவள் அசையவில்லை. ஓரப் பாதை முடிகிற இடத்தில் நான் சிக்னல் போட்டதும், காரை மெதுவாக்கி என்னை முன்னே விட்டாள்.

சிவபாலன் அண்ணை எட்டிப் பார்த்தார். "அந்தப் பிள்ளைக்கும் மழையோ?"

அடுத்த நாள் அவள் டோஸ்ட்ருப் பஸ் தரிப்பில் நின்றாள். பஸ்ஸில் இருக்க இடமில்லை. ஏறி, பழைய இடத்திலேயே நின்றாள்.

"மயூரதன், காரை விக்கட்டோ?"

அண்ணை என்று சொல்லவில்லை.

"வித்துப்போடுங்கோ" என்றேன், முழுப் பஸ்ஸுக்கும் கேட்க.