அரியலூரை முதலில் போட்ட காரணம்

மருத்துவக் கலந்தாய்வில் கல்லூரிகளை வரிசைப்படுத்திப் பூட்ட அன்று மாலை ஐந்து மணி கடைசி. என் மதிப்பெண்ணுக்குத் திருநெல்வேலியே கிடைக்கும் என்பது அப்பாவின் கணிப்பு. நானோ தர்மபுரியை முதலில் போட்டிருந்தேன்.

"தென்காசியில பஸ் ஏறுனா நெல்லை. அத விட்டுட்டு தர்மபுரி எதுக்குட்டி? காரணத்தச் சொல்லு."

அப்பா கணக்கு வாத்தியார். காரணம் இல்லாத விடைக்கு மார்க் போட மாட்டார்.

"ஒண்ணு, அங்க நோயாளிங்க அதிகம்."

"நெல்லையில எல்லாரும் சொகமாவா இருக்கான்?"

"ரெண்டு, தனியா இருந்து பழகணும்."

"மூணு?"

மூன்றாவது காரணம் அந்நேரம் வாசலில் வேனிலிருந்து இறங்கியது. மதுரையிலிருந்து பேச்சித்தாய் அத்தை, மாமா, பின்னால் துண்டும் எண்ணெய்ப் பாட்டிலுமாக ஒரு பட்டாளம். சாரல் விழுந்துவிட்டால் குற்றாலத்தில் குளிக்க வரும் சொந்தமெல்லாம் மேலகரத்தில் எங்கள் வீட்டில்தான் தங்கும். போன வாரம் வந்தவர்களுக்குக் கட்டிலைக் கொடுத்துவிட்டு அப்பா சமையல்கட்டில் படுத்தார். என் நீட் மார்க் வந்ததிலிருந்து குளியலோடு வைத்தியமும் சேர்ந்துகொண்டது.

"ஏட்டி டாக்டரம்மா, இந்த முட்டக் கொஞ்சம் பாரு. எந்திச்சா கடகடங்குது," என்று அத்தை காலை நீட்டினாள்.

"நான் இன்னும் காலேஜுக்கே போகல, அத்தை."

"போனா ஒன்னையப் பிடிக்க முடியுமா? நெல்லைன்னா சீசனுக்கு இங்கன வந்துருவ. எங்களுக்கும் குளிச்ச மாதிரி ஆச்சு, காட்டுன மாதிரியும் ஆச்சு."

மாமா ஏற்கெனவே வெளிச்சத்தைப் பார்த்து நாக்கை நீட்டியிருந்தார்.

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு மூன்றாவது காரணத்தைக் கேட்கவில்லை.

"இவ தர்மபுரி போறா, அக்கா."

"தர்மபுரியா? ஒகேனக்கல் பக்கத்துலதான இருக்கு. எனக்கு ரொம்ப நாள் ஆசை."

அப்பா தர்மபுரியைக் கீழே இறக்கினார். "ராமநாதபுரத்தப் போட்டா என்ன?"

மாமா நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டார். "ராமேஸ்வரத்துல தீர்த்தமாடி வருசமாச்சு, மாப்ள."

மணி நாலரை. அப்பா கைப்பேசியில் வரைபடத்தை விரித்து, நீல நிறம் தென்படாத ஊராகத் தேடினார்.

"அரியலூர்," என்றார் கடைசியில்.

"அங்கன என்னடா இருக்கு?"

"காலேஜ் இருக்கு."

அத்தை சற்று யோசித்தாள். "குளிக்கதுக்கு?"

"பாத்ரூம் இருக்கு, அக்கா."

அத்தை காலை மடக்கிக்கொண்டாள். அப்பா வரிசையைப் பூட்டிவிட்டு என் காதருகே குனிந்தார்.

"அடுத்த சாரலுக்கு நானும் அம்மையும் அங்கன வந்துருதோம். ஒரு ரூம் பாத்து வையி."