உடைந்த ரத்தம்

நரம்பு பிடிபடாத கை வந்தால் அந்தப் பிரிவில் எல்லோரும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். ஊசி போனதே தெரியவில்லை என்று நோயாளிகள் சொல்லும் செவிலி அவள். அதனால் அவள் ரத்தம் எடுத்து அனுப்பிய குழாய் ஆய்வகத்திலிருந்து திரும்பி வந்தபோது முகம் சுண்டிப்போனது.

ரத்தம் உடைந்துவிட்டதாம். ஊசியை வெடுக்கென்று இழுத்தாலோ குழாயைக் குலுக்கினாலோ சிவப்பணுக்கள் உடையும். இயந்திரத்தில் சுழற்றி எடுத்தபின் மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்து நிற்க வேண்டிய நீர், சிவந்து நிற்கும். அதை வைத்து முடிவு சொன்னால் தப்பாகிவிடும் என்று ஆய்வகம் திருப்பி அனுப்பிவிடும். அது அங்கே மாறாத வழக்கம்.

ரத்தம் கொடுத்தவள் ஒரு தையல்காரி, கர்ப்பிணி. எட்டு மாதம். காலையிலிருந்து வாந்தி, வலது விலாவுக்குக் கீழே வலி. மருந்துக்கடையில் வாய்வு என்று மாத்திரை கொடுத்திருந்தார்கள். இங்கே வந்து பார்த்தால் ரத்த அழுத்தம் ஏறியிருந்தது. அதற்கு மருந்து போட்டுவிட்டு, கல்லீரல் பரிசோதனை வரட்டும், பிறகு முடிவெடுக்கலாம் என்று இளம் மருத்துவர் காத்திருந்தார். கணவன் கப்பலில் வேலை பார்ப்பவன். நாத்தனார்தான் கூட வந்து, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து பாதங்களைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"உள்ள இருக்கிறது எங்க அண்ணன் பிள்ளையாச்சே. காலை மடக்கித் தூங்கச் சொன்னா கேக்குமா? விலாவிலதான் நீட்டும்" என்றாள்.

தையல்காரி சிரிக்கப் பார்த்தாள். வலி விடவில்லை.

செவிலி இன்னொரு கையில், நெருப்பைத் தொடுவதுபோல அவ்வளவு கவனமாக, மறுபடி எடுத்தாள். குழாயைத் தூங்கும் குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் ஏந்தி, தானே கீழே கொண்டுபோய்க் கொடுத்தாள். ஆய்வகத்துக்காரருக்குக் கடுகு என்று பெயர் வைத்திருந்தார்கள், எதற்கும் வெடிப்பார். அவள் மாடிக்குத் திரும்பிய கொஞ்ச நேரத்திலேயே தொலைபேசி அடித்தது. இதுவும் சிவப்புதான், என்ன சிஸ்டர், இன்னிக்கு யார் மேல கோபம் என்று கேட்டார்.

மருத்துவர் சிரித்துக்கொண்டே கையுறை மாட்டினார். தள்ளுங்க சிஸ்டர், இந்த வித்தையை உங்ககிட்டதான் கத்துக்கிட்டேன், மறந்துபோச்சான்னு பார்க்கிறேன் என்றார். அவர் எடுத்த விதமும் சுத்தமாகத்தான் இருந்தது. அவள் பக்கத்திலேயே நின்று பார்த்தாள்.

அதுவும் சிவந்து நின்றது.

தகவல் வந்ததும் அவளுக்குள் என்னவோ இளகியது. என் கை இல்லை, அப்பாடா. அடுத்த மூச்சிலேயே அந்த நிம்மதி அவளைச் சுட்டது. யார் கையும் இல்லை என்றால் ரத்தம் எங்கே உடைகிறது? திரும்பி மருத்துவரைப் பார்த்தாள். அவர் முகத்திலும் சிரிப்பு இல்லை. தையல்காரியின் விலாவுக்குக் கீழே விரல்களை வைத்து மெல்ல அழுத்தினார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"உடம்புக்குள்ளேயே உடையுது" என்றார் மருத்துவர், செவிலிக்கு மட்டும் கேட்கும்படி. "கெட்டுப்போச்சுன்னு திரும்பித் திரும்பி வந்த ரத்தம்தான் முடிவே."

சிவந்த நீரிலேயே எல்லாப் பரிசோதனையையும் போட்டுப் பார்க்கும்படி கடுகிடம் அவரே பேசினார். சற்று நேரத்தில் அழைப்பு வந்தது. கடுகின் குரலில் வெடிப்பு இல்லை. "கல்லீரல் அளவு எகிறிப்போயிருக்கு சிஸ்டர். தட்டணுக்கள் பாதிக்கும் கீழ. ரத்தம் தயார் பண்ணச் சொல்லிட்டேன். சீக்கிரம்."

மருத்துவர் நாத்தனாரிடம் சொன்னார்: கர்ப்பமே இவங்க கல்லீரலைக் கெடுத்துக்கிட்டிருக்கு, மருந்தால நிக்காது, குழந்தையை இப்பவே வெளியே எடுக்கணும். எட்டு மாதம்தானே என்று அவள் தடுமாறினாள். அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும், கப்பலுக்குத் தொடர்பு கிடைக்கவில்லை என்றாள். கட்டிலில் கிடந்தவள் கண்ணைத் திறக்காமலே பேசினாள்.

"உங்க அண்ணன் வந்து பாக்க யாராவது இருக்கணும்ல. எடுக்கச் சொல்லு."

தட்டணுக்கள் குறைந்த ரத்தம் அறுவை அறையில் உறைய மறுத்தது. ரத்தப் பைகள் மாறிக்கொண்டே இருந்தன. வேலை நேரம் முடிந்தும் செவிலி வீட்டுக்குப் போகவில்லை. வெளியே நாத்தனாரின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். திரும்பி வந்த குழாய்களைப் பற்றி, அதில் வீணான நேரத்தைப் பற்றி அவளிடம் சொல்ல வேண்டும் என்று பலமுறை வாய் திறந்தாள். கடைசியில் சொன்னாள்.  நாத்தனார், "இதை எங்கிட்டச் சொல்லாதீங்க. அவ எழுந்திருச்சதும் அவகிட்ட சொல்லுங்க" என்றாள்.

தையல்காரி கண் திறந்தபோது சன்னலில் வெயில் இருந்தது. அவள் கை முதலில் வயிற்றைத் தேடிப் போனது. அங்கே கட்டுத்துணிதான் இருந்தது. கை அப்படியே நின்றது.

"பொண்ணு. கண்ணாடிப் பெட்டியில இருக்கா" என்றாள் செவிலி.

"அழுறாளா?"

"சத்தம் கம்மி. கோபம் நிறைய."

தையல்காரியின் உதடு அசைந்தது. செவிலி முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தாள்.