பட்டியலில் விட்டுப்போன பெயர்

மிசிசிப்பியின் அந்தச் சின்ன ஊர் நூலகத்தில் ஆர்டெல்லாவுக்கு இது நாலாவது நாள். கோழித் தொழிற்சாலையில் கறுப்பர்கள் நடத்திய வேலைநிறுத்தத்தைப் பற்றி எழுத வந்தாள். பழைய பத்திரிகைகளில் கோழி விலை இருந்தது, வேலைநிறுத்தம் பற்றி ஒரு வரி இல்லை. பார்த்துப் பார்த்துச் சலித்த நூலகர் இன்றுதான் போலீஸின் உளவுக் கோப்பை எடுத்துக் கொடுத்தார்.

முப்பது வருடத்துக்கு முன் அவள் வீட்டுச் சமையலறையில் வேலைநிறுத்தத்துக்காக நடந்த ரகசியக் கூட்டம் அதில் ஒரு பேச்சு விடாமல் இருந்தது. மறுநாளே அவள் அப்பாவைச் சுட்டுக் கொன்றார்கள்.

கூட்டத்தில் இருந்தவர்களை ஒற்றன் வரிசையாக எழுதியிருந்தான். அப்பா, அம்மா, தொழிற்சங்கத்துக்காரர்கள் ஆறு பேர், ஒரு கைக்குழந்தை. குழந்தை அவள்தான். விரல் வைத்து மூன்று தடவை படித்தாள். ராஸ்கோ சித்தப்பா பெயர் இல்லை. அந்தக் கூட்டம் முடிகிறவரை உன்னை மடியில் வைத்திருந்தவன் நான்தான் என்று வருஷா வருஷம் சொல்கிறவர் அவர். எழுதினவன் தன்னை மட்டும் எழுதவில்லை.

கோப்பை மூடினாள். வெளியே வந்தாள். தினமும் அவளைக் காரில் கூட்டிவரும் சித்தப்பா, அவளுடைய கைக்குழந்தையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார்.

"ஏன்டி பேயறஞ்ச மாதிரி நிக்கிற? ஏதாச்சும் கெடச்சுதா?"

"இல்ல சித்தப்பா. எல்லாம் செல்லரிச்ச காகிதம்."

குழந்தைக்குக் கை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை.

"இருக்கட்டும்மா. என் மடின்னா நல்லாத் தூங்குறா, ஒன்ன மாதிரியே."